கருத்தடை முடிந்து வீடு திரும்பும் பூனைக்குட்டி

காலை வரை ஒன்றாகக் கட்டிப் புரண்ட பூனைகள்தான். மாலையில் கருத்தடை முடிந்து குட்டி கூடையில் வந்து இறங்கியதும், மற்றவை முதுகைத் தூக்கிக்கொண்டு சீறுகின்றன. பூனைகள் ஒன்றையொன்று அறிவது பெரும்பாலும் வாசனையால். மருத்துவமனையின் மருந்து நெடி ஏறியிருக்கும் குட்டி அவற்றுக்கு அந்நியன். கேளம்பாக்கம், படூர், தையூர் அடுக்ககங்களில் மூன்று நான்கு பூனைகளோடு வாழ்பவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை சிறிது நேரத்தில் முடிந்துவிடும். கவனம் தேவைப்படுவது அதற்குப் பிறகு வரும் பத்துப் பதினான்கு நாட்களில்.

முதல் இரவு குட்டிக்குத் தனி அறை வேண்டும். அதன் துண்டை மற்ற பூனைகளிடமும், அவற்றின் துண்டைக் குட்டியிடமும் போட்டு வைத்தால், வாசனை கலந்து சண்டை தணியும். பால்கனி மட்டும் கூடவே கூடாது. மயக்கம் முழுதாகத் தெளியாத குட்டி உயரம் தாவப் பார்க்கும். பத்தாவது மாடியில் அது உயிர்ப் பிரச்சினை. மயக்க மருந்தால் உடல் சூடும் குறையும் என்பதால், ஏசியை அணைத்துவிட்டுத் தரையோடு மெத்தை விரிக்கலாம். தெளிந்த பின் உணவைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பும் குட்டியை இரவு முழுக்கப் பட்டினி போடக்கூடாது. ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

காயத்தைக் குட்டி மட்டுமல்ல, பாசமான அக்கா பூனையும் நக்கும். தையல் பிரிய அதுவே போதும். கழுத்துக் கோனோ, துணிச் சட்டையோ அவசியம். மணல் தூள் காயத்தில் ஒட்டாதிருக்க, சில நாட்களுக்கு லிட்டர் தட்டில் கிழித்த செய்தித்தாள் போடலாம். கடுவன் குட்டிக்குக் கருத்தடை ஆனாலும், சில வாரங்களுக்கு அதனால் பெட்டையைச் சினையாக்க முடியும். நான்கு மாதப் பெட்டையே சினை பிடிக்கலாம் என்பதால், அந்தச் சில வாரங்கள் இரண்டையும் பிரித்து வைப்பதே நல்லது.

பெரிய ஆபத்து வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது. வலியில் முனகும் குட்டியைப் பார்த்து மனம் தாங்காமல் டோலோ, கிரோசின், குழந்தைகளின் கால்பால் சொட்டு என்று எதையாவது கொடுத்துவிடுகிறார்கள். எல்லாமே பாராசிட்டமால். அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரே 500 மில்லிகிராம் மாத்திரை குட்டியைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கினால் நொடியும் காத்திருக்கக் கூடாது. நாய்க்கு எழுதிய மெலாக்சிகாமும் அப்படித்தான்: பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரிக்கை அச்சிட வைத்தது. காயத்தில் டெட்டால் தடவுவதும் நஞ்சுதான்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமலோ சிறுநீர் கழிக்காமலோ இருந்தால், ஈறு வெளுத்தால், காயத்தில் ரத்தமோ நாற்றமோ வந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, சட்டம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு முன்னோடியாக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர், திருவான்மியூர் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். 'எண்ணிக்கை கூடிவிட்டது' என்று மீன் சந்தையில் குட்டியை விட்டுவருவதும் இதில் அடங்கும். வளர்ப்பவருக்கும் உரிமை உண்டு. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது மூன்று பூனைகளுக்கு உணவு வாங்கிவரக் கொச்சிக்காரர் ஒருவருக்கு அனுமதி அளித்தது கேரள உயர் நீதிமன்றம். அடுக்ககச் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்கு விதிக்கும் ஒட்டுமொத்தத் தடை செல்லாது என்று 2021-இல் அதே நீதிமன்றம் சொன்னது.

சிகிச்சையில் தவறு நேர்ந்தால் கையில் காகிதம் வேண்டும். மயக்க மருந்தின் பெயர், கொடுத்த மாத்திரையின் அளவு, மருத்துவரின் பதிவு எண் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவரே வைத்தியம் பார்க்கலாம். தொழில்முறைத் தவறுக்கு மாநிலக் கவுன்சிலில் புகார் தரலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால், செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.