புற்றடியில் பூக்கும் குடை: விருந்தா, விஷமா?

ஐப்பசி மழை ஒரு பாட்டம் கொட்டி, இரவெல்லாம் இடி முழங்கி ஓய்ந்தால் போதும். மறுநாள் பொழுது விடிவதற்குள் புற்றுகளைச் சுற்றி வெள்ளைக் குடைகள் முளைத்து நிற்கும். அல்லிநகரத்திலிருந்து வீரப்ப அய்யனார் கோயில் பக்கம் போகும் மலையடிவாரத்தில், ஆடு மாடு மேய்ப்போர் கண்ணில்தான் இவை முதலில் படும்.

காளானை எழுப்புவது இடிதான் என்பார்கள் நம் பெரியவர்கள். சிரிக்க வேண்டாம்! ஜப்பானில் இவாதே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், காளான் வளர்க்கும் மரக்கட்டைகளில் செயற்கை மின்னலைப் பாய்ச்சிப் பார்த்தபோது விளைச்சல் கூடியிருக்கிறது.

புற்றுக் காளானின் கதையோ இன்னும் விந்தையானது. அதைப் பயிரிடுவது கறையான்! காய்ந்த மரத்தையும் சருகையும் தின்று, அந்த எச்சத்தால் மண்ணுக்குள் கடற்பஞ்சு போன்ற கூடு கட்டி, அதில் பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை பதப்படுத்திக் கொடுத்த பிறகே அதற்குச் சாப்பாடு. மனிதன் பயிர்த்தொழில் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டும் சொச்சமுந்தான். கறையானுக்கோ இதில் சுமார் 3 கோடி ஆண்டு அனுபவம். மழைக்காலத்தில் அந்தப் பூஞ்சை மண்ணைத் துளைத்து மேலே நீட்டும் தலைதான் நாம் பறிக்கும் காளான். சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்த்துவிடுகிறோம். இதை மட்டும் கறையானின் தயவின்றி வியாபார ரீதியில் வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை.

சரி, அடையாளம் காண்பது எப்படி? தண்டை வெடுக்கென்று ஒடிப்பவர்கள் சாட்சியை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். குச்சியால் பக்கத்து மண்ணை மெல்லத் தோண்ட வேண்டும். (கையை விடாதீர்கள், புற்றில் கறையான் மட்டுமா குடியிருக்கிறது?) பெரிய வகைகளில் தண்டின் அடி வேர்போல நீண்டு, கறையான் கூடுவரை இறங்கும். குடை உச்சியில் குமிழ் இருக்கும். உயிர்கொல்லியான அமானிடா காளான்களின் அடித்தண்டிலோ, உடைந்த முட்டை ஓடு போன்ற ஒரு பை இருக்கும். அதுவும் மண்ணுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

புல்தரையில் எழும் பெரிய வெள்ளைக் குடை ஒன்று உண்டு. இளசில் அதன் அடித்தகடுகளும் வெள்ளை, முதிர்ந்தால் பச்சை. தின்றால் வாந்தியும் பேதியும் ஆளை உலுக்கிவிடும். தண்டை நீக்கிக் குடையை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து ஓரிரவு விட்டால் தூள் உதிரும். இதற்குப் பச்சை, அமானிடாவுக்கு வெள்ளை, புற்றுக் காளானுக்கு இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்புத் தூள் உதிர்க்கும் விஷக் காளான்களும் இருப்பதால், இந்தச் சோதனை கழிப்பதற்கே உதவும், ஏற்பதற்கல்ல. பழகிய கண் கூட இல்லாமல் யாரும் சட்டி ஏற்றக் கூடாது. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழையவும் கூடாது.

வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் வெறும் பேச்சு. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளானைத் தின்று 13 பேர் மாண்டனர். அமானிடா விஷம் கொதித்தாலும் காய்ந்தாலும் போகாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாது; ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி, பேதி. அடுத்த நாள் நோயாளி தேறியவர்போல எழுந்து உட்காருவார். வீட்டார் நிம்மதியடையும் அந்த வேளையில்தான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

ஆகவே வாந்தி நின்றதே என்று இருந்துவிடாமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சமைக்காமல் மிஞ்சிய காளான் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுபோனால் டாக்டருக்கு அது நல்ல துப்பு.