இருபதாம் தேதி ஜுரம்!

ஒன்றாம் தேதி பிரியாணி. பத்தாம் தேதி சாம்பார் சாதம். இருபதாம் தேதி டீயும் பன்னும். திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும், காலண்டர் வேண்டாம்!

அடியேனும் அந்த ஜாதிதான். 2014-ல் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஊரார் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாக டேலி பண்ணுவேன். என் சட்டைப்பை மட்டும் எப்போதும் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'!

ஒரு இருபத்திரண்டாம் தேதி அப்பா போன் பண்ணினார். "தம்பி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டாயிரம் இருந்தா அனுப்புப்பா."

பி.காம். பிள்ளையிடம் இருந்ததோ நூற்று நாற்பது ரூபாய். "அடுத்த வாரம் அனுப்பறேம்ப்பா" என்று இழுத்தேன். "பரவால்லடா, நீ வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டார். பக்கத்து வீட்டில் கைமாத்து வாங்கினாராம். அன்று ராத்திரி பன்கூட இறங்கவில்லை.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வாயில் போட்டதையெல்லாம் ஒரு மாசம் எழுதினேன். மெஸ் சாப்பாடுதான் திருடன் என்று நினைத்திருந்தேன். இல்லை சார்! பசிக்காமலே குடித்த டீ, பேச்சுத் துணைக்கு வடை, சாயங்கால பஜ்ஜி... தினம் அறுபது ரூபாய். மாசத்துக்கு ஆயிரத்து எண்ணூறு! அம்மாவின் கண் அங்கேதான் இருந்தது.

நண்பர்கள் இரண்டு பேரோடு சின்ன போர்ஷன் ஒன்று பிடித்தேன். எங்கள் சட்டங்கள் இவை:

காலை டிபனை விட்டு மிச்சம் பிடிக்காதே. பதினோரு மணிக்கு வடைக்காரர் வட்டியோடு வசூலித்துவிடுவார்.

பசியோடு மளிகைக் கடைக்குப் போகாதே. லிஸ்டில் உள்ள பருப்பை மறந்து, இல்லாத சிப்ஸைத் தூக்கி வருவாய்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பாதே. நூறு கிராம் 14 ரூபாய், இருநூற்றைம்பது கிராம் 40 ரூபாய் என்றால் எது லாபம்? வகுத்துப் பார். சின்னதுதான்!

சோறு நம் குக்கரில், குழம்பு மட்டும் மெஸ் பார்சல். அரிசி மூட்டையாக, காய்கறி மூன்று நாளைக்கு மட்டும். அழுகிய தக்காளிக்கு எந்தக் கணக்கிலும் பற்று வைக்க முடியாது.

சேர்ந்து வாங்குவது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. இதே திருவல்லிக்கேணியில் 1904-லேயே கூட்டுறவு பண்டகசாலை ஆரம்பித்துவிட்டார்கள்!

கௌரவம்தான் பாக்கி. 2013-ல் வந்த அம்மா உணவகத்தில் அப்போது சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஆக, எட்டு ரூபாயில் மத்தியானம் முடிந்தது. முதல் நாள் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டு க்யூவில் நின்றேன். முன்னால் நின்றவரும் அதே மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்தால், எங்கள் மேனேஜர்! இருவரும் பேசாமல் தட்டை நீட்டினோம்.

ஆறு மாசம் கழித்து அம்மாவின் இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன். இந்தத் தடவை அப்பா கேட்பதற்கு முன்பே அனுப்பினேன், ஐயாயிரம்.

கட்டுப் பிரித்த பிறகு அம்மா பேசினாள். "உன் போட்டோவைத்தான்டா முதல்ல பார்த்தேன். வயித்தைக் கட்டிப் பணம் அனுப்பறியோன்னு பயந்தேன்..."

"அப்புறம்?"

"இப்ப நிம்மதி. தொந்தி நல்லாவே தெரியுது!"