விளம்பரச் சுமையும் வலைப்பக்க வேகமும்

வலைப்பக்கம் ஒன்றைத் திறந்தவுடன் கட்டுரை தோன்றாது காத்திருத்தலும், தோன்றிய எழுத்துக்கள் திடீரெனக் கீழே சரிதலும், விரல் ஓரிடத்தைத் தொட வேறொன்று திறத்தலும் நாம் யாவரும் நாள்தோறும் காண்பனவே. இவற்றிற்குத் தம் கைப்பேசியின் பழமையையே பலர் காரணமாகக் கூறுவர். அஃது ஒருபுடை உண்மையே. ஆயினும் செய்தித் தளங்களைப் பொறுத்தவரை அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு; அது விளம்பரம். அது பக்கத்தின் வேகத்தை எங்ஙனம் குறைக்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இணைய விளம்பரத்தின் தொடக்கம் மிக எளியது. 1994ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஹாட்வயர்டு என்னும் அமெரிக்கத் தளத்தில் ஏ. டி. அண்டு டி. கம்பெனியாரின் விளம்பரம் வெளிவந்தது. அது 468 புள்ளி அகலமும் 60 புள்ளி உயரமும் உடைய ஒரு சிறு பட்டை. அச்சுத்தாளில் விளம்பரக் கட்டம் அமைவது போல அது பக்கத்தின் ஓரிடத்தில் அமைந்திருந்தது. பழைய தொலைபேசிக் கம்பி வழியே படம் மெல்ல வந்ததேயன்றி, வாசகனைப் பற்றி அது ஆராயப் புகுந்ததில்லை.

இந்நாளில் நிலை வேறு. பல தளங்கள் விளம்பரத்திற்குரிய இடத்தை வெற்றிடமாகவே அனுப்புகின்றன. வாசகன் பக்கத்தைத் திறந்த பின்னரே அவ்விடம் ஏலத்திற்கு வருகின்றது. அவன் திறந்தது எப்பக்கம், கையிலுள்ளது எக்கருவி, இருப்பது எவ்வூர், முன்னர்க் கண்ட தளங்கள் யாவை என்றின்ன குறிப்புக்கள் குக்கி முதலியவற்றின் துணையால் தரகு நிலையங்கள் பலவற்றிற்குச் செல்கின்றன. ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு அளவினதாகிய காலத்திற்குள் விலை கேட்போர் தத்தம் விலையைக் கூறுவர். வென்றவரின் படம் அதன் பின்னரே வரவழைக்கப்படும். வந்த படத்தை வாசகன் உண்மையிற் கண்டானா என்று அளக்கும் நிரல்களும் உடன் வரும். ஓர் ஏலத்திற்கு ஆகுங் காலம் சிறிதே. ஆயின் ஒரு பக்கத்தில் இடங்கள் பல. ஒவ்வோர் இடத்திற்கும் தரகர் பலர்.

இதனால் விளையும் சுமை மூவகைப்படும். முதலாவது, இணைப்பின் சுமை. புதிய நிலையம் ஒன்றோடு பேசுதற்கு உலாவியானது முதலில் அதன் முகவரியைக் கேட்டறிதல் வேண்டும். பின்னர்த் தொடர்பு கொள்ளுதல் வேண்டும். அதன்பின் மறைமொழிக்கு இருதிறத்தாரும் உடன்படுதல் வேண்டும். இவை ஒவ்வொன்றும் போய் மீளும் பயணமாம். அலைவலி குன்றிய இடத்தில் அப்பயணம் நீள்கின்றது.

இரண்டாவது, உழைப்பின் சுமை. பக்கத்தைக் கட்டும் வேலையும் நிரல்களை இயக்கும் வேலையும் உலாவியினுள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடைபெறுவன. அடுப்பு ஒன்றாகவும் உலை பலவாகவும் உள்ள வீட்டில் வீட்டார்க்குரிய சோறு காத்திருத்தல் போல, விளம்பர நிரல் முடியுங்காறும் வாசகனுக்குரிய வேலை காத்துக் கிடக்கின்றது. விரலால் தள்ளியும் பக்கம் அசையாது நிற்பது இதனாலேயாம். மூன்றாவது, இடம் பெயர்தல். விளம்பரத்தின் உயரத்தை முன்னரே ஒதுக்கி வையாத பக்கத்தில் படம் பிந்தி வந்து நுழைய, எழுத்துக்கள் கீழே தள்ளப்படுகின்றன.

இச்சுமையின் அளவைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 2018ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு மே 25ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இணங்குதற்பொருட்டு யூ.எஸ்.ஏ. டுடே என்னும் அமெரிக்கச் செய்தித்தாள் விளம்பரங்களையும் பின்தொடர் நிரல்களையும் நீக்கிய பதிப்பொன்றை ஐரோப்பிய வாசகர்க்கெனத் தனியே வெளியிட்டது. அதனை அளந்தறிந்த ஒருவர், 5.2 மெகாபைட்டாக இருந்த பக்கம் ஏறத்தாழ அரை மெகாபைட்டாகக் குறைந்ததென்றும், 45 விநாடிக்கு மேற்பட்ட காத்திருப்பு 3 விநாடியாயிற்றென்றும், 500க்கு மேற்பட்ட வேண்டுகோள்கள் 34 ஆயினவென்றும் வெளியிட்டார். செய்தித்தாள் ஒன்றே; பக்கத்தின் கனமோ ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு!

இக்கனத்தைச் சுமப்பவர் யாவர்? விலை மிக்க கைப்பேசி உடையவர் இதனை அத்துணை உணரார். எளிய கருவியும் அளந்து வாங்கிய டேட்டாவும் உடைய வறியவரே காலத்தாலும் பணத்தாலும் மின்கலத்தின் தேய்வாலும் மிகுதியாக இறுக்கின்றனர். இலவசம் எனப்படும் பக்கத்திற்கு விலை உண்டு. அவ்விலை இல்லாதவர்க்கே மிகுகின்றது.

அங்ஙனமாயின் விளம்பரங்களை முற்றிலும் தடுத்துவிடலாகாதோ எனின், தடுக்கும் கருவிகள் உளவே. பலர் அவற்றைக் கையாளவும் செய்கின்றனர். எனினும் கட்டணம் பெறாத பத்திரிகைகள் பலவற்றில் எழுதுவார்க்குக் கூலி விளம்பரத்தினின்றே வருகின்றது. யாவரும் தடுத்தால் படித்தற்குரிய கட்டுரையே இல்லாதொழியும். ஆதலின் அறுத்தெறிதலினும் அளவுபடுத்தலே தக்கதாம்.

அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. விளம்பரத்திற்குரிய இடத்தை முன்னரே ஒதுக்கி வைத்தால் எழுத்துக்கள் சரியா. கட்டுரை முதலிலும் விளம்பரம் பின்னுமாக வரச் செய்தலும், வாசகன் அணுகும்போதே கீழுள்ள படங்களை வரவழைத்தலும் இயல்வனவே. 2020ஆம் ஆண்டில் குரோம் உலாவி, வாசகன் தொடாதிருக்கையிலேயே 4 மெகாபைட்டுக்கு மேல் தரவை இழுக்கும் விளம்பரத்தை நீக்கிவிடும் முறையை மேற்கொண்டது. இவற்றினும் அடிப்படையான வழி, வாசகனை ஆராயாது பக்கத்தின் பொருளை நோக்கியே விளம்பரம் அமைத்தலாகும். உழவு பற்றிய கட்டுரையின் அருகே விதையின் விளம்பரத்தை வைத்தற்கு வாசகனின் ஊரும் வழக்கமும் பலர் அறிதல் வேண்டா.

ஆகவே, பக்கத்தைத் தாழ்த்துவது படம் என்பதினும், அப்படத்தின் பின் நிற்கும் ஏலமும் வேவுமே எனல் பொருந்தும். நம்முள் நாளை வலைத்தளம் அமைப்பார் பலர் இருத்தல் கூடும். தாம் அமைத்த பக்கத்தைத் தம் புதிய கருவியில் மட்டும் திறந்து பாராது, எளிய கைப்பேசி ஒன்றிலும் ஒருமுறை திறந்து பார்ப்பாராக.