சபை வாசலில் காத்திருக்கும் துயரம்

மும்பைத் தமிழர் வாழ்க்கை – 17

தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களோடு சபைகளும் வந்தன. இன்றும் தாராவிச் சந்துகளிலும் செம்பூரிலும் ஞாயிறுதோறும் தமிழில் ஆராதனை நடக்கிறது. எல்லோரும் கலைந்த பிறகு யாராவது ஒரு பெண் தயங்கி நிற்பார். "ஐயா, வீட்டுல நிம்மதியே இல்ல. ஜெபம் பண்ணுங்க" என்பார். அதற்குள் கணவனின் குடி இருக்கலாம், அடி இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணமும் இருக்கலாம்.

அவர் ஏன் போதகரிடம் வருகிறார்? ஆஸ்பத்திரியில் இந்தியிலோ மராத்தியிலோ பேச வேண்டும். மனக்குறையைச் சொல்லித் தாய்மொழியில்தான் அழ முடியும். மனநல மருத்துவரைப் பார்த்தால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் செய்தி உடனே பரவிவிடும். போதகரிடம் போனால் யாரும் எதுவும் நினைப்பதில்லை. இப்படி முதலில் தேடி வரப்படுகிறவருக்குப் பயிற்சி வேண்டும். அதனால்தான் கிறிஸ்தவ கவுன்சலிங் கருத்தரங்குகளை அத்தியாவசியம் என்கிறேன்.

இத்தகைய பயிற்சி புதிதல்ல. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். 1925-ல் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து, நோயாளிகளோடு பழகிக் கற்க வைத்தார். அந்த மரபில் வளர்ந்த ஒரு பயிற்சி, நோயாளியோடு நடந்த பேச்சை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிச் சக மாணவர்கள் முன் வாசிப்பது. நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ ஆலோசனை மையம் பல ஆண்டுகளாகக் கவுன்சலிங் பயிற்சி அளித்துவருகிறது.

கவுன்சலிங்கைப் புத்தகம் மட்டும் படித்துக் கற்க முடியாது. கருத்தரங்கில் ஒருவர் துயரப்பட்டவராக நடிக்க, இன்னொருவர் கேட்க, மற்றவர்கள் கவனிக்க வேண்டும். அப்போதுதான் வந்தவர் பேசி முடிப்பதற்குள் "விசுவாசத்தோட இரும்மா" என்று நாம் பிரசங்கம் தொடங்கிவிடுவது நமக்கே தெரியும்.

அங்கே கற்க வேண்டிய அடுத்தது சட்டம். குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சபையின் பெயர் கெடும் என்று மூடிவைக்கக் கூடாது. அடிபடும் பெண்ணிடம் "பொறுத்துப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பை அவர் கண்ணிலிருந்து மறைக்கிறார். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் கருதுகிறது. அவரைப் பாவி என்று ஒதுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. பிரார்த்தனையை மட்டும் நம்பி மருத்துவத்தைத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. அங்கே 2001 ஆகஸ்ட் 6-ல் நடந்த தீ விபத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நம் எல்லையை அறிந்து அடுத்தவரிடம் ஒப்படைப்பது. அதற்கான இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு, தாராவியில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணை நிற்கிறது. செம்பூரை அடுத்த தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி நாக்பாடாவில் செய்த ஊழியத்திலிருந்து 1936-ல் பிறந்தது அது. அதன் 'ஐகால்' சேவை 2012 முதல் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. அரசின் டெலி-மானஸ் எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். கருத்தரங்கில் இத்தகைய இடங்களில் பணியாற்றுகிறவர்களோடு அறிமுகமாகிறபோது, அனுப்புகிறவருக்கும் தைரியம் வருகிறது. போகிறவருக்கும் நம்பிக்கை வருகிறது.

இரண்டு நாள் கருத்தரங்கோடு இந்தப் பயிற்சி முடிந்துவிடக் கூடாது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் சபைகளின் ஊழியர்கள் மாதம் ஒருமுறை கூடி, ஆளின் பெயரையும் அடையாளத்தையும் சொல்லாமல் தங்கள் சிக்கல்களைப் பேச வேண்டும். கருத்தரங்குக்குப் போதகரை மட்டும் அனுப்பாமல், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியையும் அனுப்ப வேண்டும். பல துயரங்கள் பெண்ணிடம் மட்டுமே சொல்லப்படும். கட்டட நிதிக்கு மனமுவந்து கொடுக்கும் சபைகள், இதற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கட்டும்.

(அடுத்த வாரம்: செம்பூரின் தமிழ்ப் பள்ளிகள்)