வெள்ளைக் குழிவுக்குள் ஒரு மங்கல் பொட்டு

சிங்கப்பூர் தோ பாயோ சென்ட்ரலில் ஒரு கண் கிளினிக். பார்வைப் புலச் சோதனை அறையைத் திறந்துவிட்டார் அங்கே வேலை பார்க்கும் அக்கா. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை! கிளாக்கோமா என்ற கண் நோய் உள்ளவர்கள் உட்கார்ந்து பட்டனை அழுத்துவார்களே, அந்த மெஷினை இன்றைக்குப் பின்பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறேன்.

முகத்தை வைத்தால் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு குழிவு. கோடில்லை, கட்டமில்லை. அதில் ஓர் ஒளிப்பொட்டு 0.2 வினாடி மினுங்கி மறைகிறது.

"பாதிப் பொட்டுங்க தெரியலன்னு பயந்து போயிடுவாங்க மா. தெரியாம போற வரைக்கும் மெஷினே வெளிச்சத்தைக் குறைச்சுக்கிட்டே போகும்," என்றார் அக்கா.

தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவிலுள்ள விளிம்பைத்தான் அது தேடுகிறது. அப்படியென்றால் பாதி தவறுவதுதான் சரி! இதை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாதா?

ஆனால் உண்மையான ரகசியம் அந்த வெள்ளைதான். குழிவு முழுக்க 31.5 அப்போஸ்டில்ப் (ஒளிர்வை அளக்கும் அலகு) வெளிச்சம், எங்கேயும் கூடாது, குறையாது. பெர்ன் நகரத்துக் கண் மருத்துவர் ஹான்ஸ் கோல்ட்மன் 1945இல் தன் கருவிக்கு வைத்த அளவு அது. பின்னணி மாறினால் கண்ணின் உணர்திறனும் மாறிவிடும். தோ பாயோ லோரோங் 6இல் 1979இல் கட்டிய டிராகன் விளையாட்டுத் திடல் இருக்கிறதே, அதன் மொசைக் சில்லுகள் மேல் இதே பொட்டை விட்டுப் பாருங்கள். சில்லுகளுக்கு இடையிலான கோடுகளே அதை விழுங்கிவிடும்.

இன்னும் தலை சுற்றவைக்கும் சங்கதி, ஜெரால்டு வெஸ்ட்ஹைமர் 1965இல் எழுதியது. மங்கல் பொட்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் ஒளிவட்டம் வைத்தால் பொட்டு தெரிவது கஷ்டம். வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இன்னும் கஷ்டம். மேலும் பெரிதாக்கினால்? கண்ணில் விழும் வெளிச்சம் கூடியிருக்கிறது, பொட்டோ எளிதாகத் தெரிய ஆரம்பிக்கிறது!

விழித்திரையில் அக்கம்பக்கத்து செல்கள் ஒன்றையொன்று அடக்குவதுதான் காரணம். வட்டத்தின் வெளிப்பகுதி வெளிச்சம் நடுப்பின்னணியின் ஆர்ப்பாட்டத்தை அமுக்கி, பொட்டுக்கு வழிவிடுகிறது.

இந்த அடக்கலை முதலில் பிடித்துக் காட்டியது மனிதக் கண்ணில் அல்ல, குதிரைலாட நண்டின் கண்ணில்! பிடித்தவர் கெஃபர் ஹார்ட்லைன். 1967 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. அவர் வைத்திருந்தது அமெரிக்கக் கடற்கரை இனம். அதன் சொந்தக்காரர் நம் மண்டாய்ச் சேற்றிலேயே ஊர்கிறார். அந்தக் கண்ணைக் கிட்டத்தில் பார்க்காமல் விடப்போவதில்லை நான்!