கப்பல் வாடகை – 6: டெமரேஜ் யார் தலையில்?

துறைமுகத்தில் சரக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு டெமரேஜ் என்றாலே பதற்றம்தான். குறித்த நேரத்துக்குள் வேகனைக் காலி செய்யாவிட்டால் ரயில்வேயும் இதே பெயரில்தான் வசூலிக்கிறது. அதனால் பலரும் இதை அபராதமென்றே நினைக்கிறார்கள். கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் இது அபராதமல்ல. தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று இரு தரப்பும் முன்பே பேசி எழுதிக்கொண்ட நஷ்டஈடு. பெயரும், தங்கித் தாமதிப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஒரு பயணத்துக்கு மட்டும் கப்பலை அமர்த்தும்போது, வாடகையைப் பெரும்பாலும் டன் கணக்கில் பேசுவார்கள். கடலில் நாலு நாள் கூடினால் அது கப்பல்காரர் பாடு. ஏற்றவும் இறக்கவும் சார்ட்டரருக்கு, அதாவது கப்பலை அமர்த்தியவருக்கு, குறிப்பிட்ட அவகாசம் உண்டு. அதன் பெயர் லே டைம். அதற்கான கூலி வாடகையிலேயே அடக்கம். அது தீர்ந்தபின் கப்பல் நிற்கும் நேரத்துக்குத்தான் டெமரேஜ். சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் கப்பல்காரர் திருப்பித் தருவது டெஸ்பாட்ச். டெமரேஜில் பாதி என்பது வழக்கம்.

ஒப்பந்தத்தைப் பொறுத்து ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, மழை நேரம் எல்லாம் லே டைம் கணக்கிலிருந்து கழியும். டெமரேஜ் தொடங்கிவிட்டால், ஒப்பந்தம் தெளிவாகச் சொன்னாலொழிய, எதுவும் கழியாது. ஒருமுறை டெமரேஜில் விழுந்தால் கடைசிவரை டெமரேஜ்தான் என்பது தொழிலில் பழகிய வாசகம். கடுமையாகத் தெரிந்தாலும் நியாயமானதே: சொன்ன நேரத்தில் வேலை முடிந்திருந்தால் கப்பல் அந்த மழையிலேயே நின்றிருக்காது.

பெரிய வழக்குகளில் பலவும் லே டைம் கணக்கு எப்போது தொடங்கியது என்பதில்தான். கப்பல் வந்து சேராமல் அந்தக் கணக்கு தொடங்காது. 1968 ஜனவரியில் யோஹானா ஓல்டன்டார்ஃப் என்ற கப்பல் அமெரிக்கத் தானியத்தோடு லிவர்பூலுக்கு வந்தது. இறக்க இடமில்லை. துறைமுக அதிகாரிகளின் உத்தரவுப்படி மெர்சி பார் நங்கூரத் தளத்தில் 3-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதிவரை நின்றது. கப்பல்துறையிலிருந்து அது 17 மைல் தள்ளி இருந்தாலும், துறைமுகத்தின் சட்ட எல்லைக்குள்தான் இருந்தது. கப்பல் வந்து சேர்ந்ததா இல்லையா? சரக்கு கையாளும் பகுதிக்குள் வந்தால்தான் சேர்ந்ததாகப் பொருள் என்று 1960-இல் ஏயெல்லோ வழக்கில், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொல்லியிருந்தது. கீழ் நீதிமன்றங்கள் அதற்குக் கட்டுப்பட்டன. 1973-இல் அதே சபை தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. துறைமுக எல்லைக்குள் வழக்கமாகக் காத்திருக்கும் இடத்தில் கப்பல் நின்றால், கூப்பிட்டதும் வரும் நிலையில் இருந்தால், அது வந்து சேர்ந்த கப்பல். நெரிசலின் சுமை சார்ட்டரர் மீது. தொலைத்தொடர்பும் விசைக் கப்பலும் வந்த காலத்தில் 17 மைல் ஒரு தூரமே அல்ல என்ற யதார்த்தத்தைச் சட்டம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது.

எல்லைக்கு வெளியே நின்றால்? ஜெர்மனியின் வேசர் ஆற்றில் உள்ள பிராகே துறைமுகத்துக்கு வந்த மராத்தா என்வாய் என்ற கப்பல், எல்லைக்கு வெளியே வேசர் விளக்குக் கப்பலருகே காத்திருக்க வேண்டியிருந்தது. கணக்கைத் தொடங்குவதற்காகவே ஆற்றில் பிராகே வரை போய், திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது. 1977-இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் பல ஒப்பந்தங்களில், இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கப்பல் தயார் என்று கணக்கைத் தொடங்கிவைக்கும் நோட்டீஸைக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்கிறார்கள்.

தாமதத்தால் வேறு நஷ்டமும் வந்தால், அதை டெமரேஜுக்கு மேல் தனியாகக் கேட்கலாமா? இந்தக் கேள்விக்கு 2021 வரை தெளிவான பதில் இல்லை. எடர்னல் பிளிஸ் என்ற கப்பல் பிரேசிலிலிருந்து சோயாபீன்ஸ் ஏற்றிச் சென்று சீனாவின் லோங்கோவில் 31 நாள் காத்திருந்தது. சரக்கு பூஞ்சை பிடித்துக் கட்டிதட்டியது. சரக்குக்காரர்களுக்குப் பணம் கொடுத்துத் தீர்த்த கப்பல் உரிமையாளர், டெமரேஜுக்கு மேல் அதையும் சார்ட்டரரிடம் கேட்டார். தாமதத்தைத் தவிர வேறு ஒப்பந்த மீறல் எதுவும் இல்லாதபோது, தாமதத்தால் வந்த எல்லா நஷ்டத்துக்கும் டெமரேஜே ஈடு என்றது இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம். கப்பல்காரருக்கு அது வலித்திருக்கும். ஆனாலும் எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடே. விலை பேசிக் கையெழுத்திட்ட பிறகு அதே தாமதத்துக்கு இரண்டாவது பில் அனுப்ப முடியுமென்றால், முன்கூட்டியே தொகையை எழுதிக்கொள்வதற்கு அவசியமே இல்லை.