‘ஃபன்றி’ என்னும் மராத்திப் படம்

மராத்தியர் பன்றியை ‘டுக்கர்’ என்பர். ஆயினும் நாகராஜ் மஞ்சுளே 2013-இல் எடுத்த மராத்திப் படத்தின் பெயர் ‘ஃபன்றி’. அது கைக்காடி என்னும் குலத்தாரின் வீட்டுமொழிச் சொல். அம்மொழி திராவிட இனத்தது. அச்சொல் நம் ‘பன்றி’க்கு உடன்பிறப்பு என்பதைத் தமிழாசிரியர்க்குச் சொல்லவும் வேண்டுமோ!

ஊர்ப் பன்றிகளைப் பிடிப்பது அக்குலச் சிறுவன் ஜப்யாவின் குடும்பத்தின்மேல் சுமத்தப்பட்ட வேலை. கல்வி இழிவை நீக்கும் என்கிறோம். அவனைக் கண்டு நகைப்போரும் உடன் பயிலும் மாணவரே. பன்றியைத் துரத்தும் வேளையில் பள்ளியில் நாட்டுப்பண் ஒலிக்கிறது. துரத்தியோர் அசையாது நிற்கின்றனர். பன்றி நழுவி ஓடுகிறது. பின்னர் பிடிபட்ட பன்றியைச் சுமந்து பள்ளிச் சுவரோரம் நடக்கின்றனர். சுவரில் அம்பேத்கர் உருவம் தீட்டப்பட்டிருக்கிறது. அங்கே வசனம் எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

ஏளனம் செய்தவனை நோக்கி ஜப்யா எறியும் கல், இறுதியில் படம் பார்ப்போரின் முகத்துக்கு நேரே வருகிறது.